இக்குயோ எழுதாமல் விட்ட பனி

எங்கள் மலைக்கு ஸ்கீ என்ற பனிச்சறுக்குப் பலகை வாங்க வருகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் "இக்குயோ அக்கா இருக்காங்களா?" என்று கேட்பார்கள். சரிவின் உச்சிக்குப் போகும் லிப்ட் ஏறும் இடத்துக்கு எதிரே இருக்கும் கடையில் இருபத்தாறு குளிர்காலமாக அவர் இருக்கிறார். ஹோஷினா இக்குயோ என்பது முழுப்பெயர். குள்ளமான உருவம், அகன்ற தோள். குளிர்காலம் முழுக்கப் பனிக்கண்ணாடி போட்டுப் போட்டு, கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளையாக இருக்கும். மற்ற முகமெல்லாம் கறுத்துக் கிடக்கும். கோடையில் ஈயாமா ஊருக்கு வெளியே கணவரோடு அஸ்பாரகஸ் தண்டுக்காய் பயிரிடுவார். அப்போதும் அந்த வெள்ளை வட்டம் முழுசாகப் போகாது. சந்தையில் அவரைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

கடையில் சேர்ந்த முதல் வருஷம், ஒரு பள்ளி ஆசிரியருக்கு நல்ல ஸ்கீ ஒன்றை விற்றார். மறுநாள் இடுப்பளவு புதுப்பனி விழுந்தது. சாயங்காலம் அந்த ஆசிரியர் சட்டைக் கழுத்து வரைக்கும் பனியோடு வந்து நின்றார். கோபப்படவில்லை. "நல்ல ஸ்கீதான்மா. ஆனா எந்தப் பனிக்கு நல்லதுன்னு நீங்க சொல்லலையே" என்றார். இக்குயோ அக்கா அன்றைக்கே ஒரு தடித்த நோட்டு வாங்கினார். கடைக்கு வரும் ஒவ்வொரு ஸ்கீக்கும் ஒரு பக்கம். பக்கத்துக்கு நாலு கட்டம்: புதுப்பனி, மிதிபட்ட பனி, உறைபனி, ஈரப்பனி. மதிப்பெண் கிடையாது. "தொடையைக் கொல்கிறது", "பிடித்த பிடியை விடாது", "வால் மட்டும் தனியாக ஊருக்குப் போகிறது" என்று எழுதியிருப்பார். அதைப் படித்துத்தான் நாங்கள் எல்லோரும் வாங்கினோம்.

நான் அந்த மலையின் மீட்புக் குழுவில் இருந்தேன். மொத்தம் ஆறு பேர். போன குளிர்காலத்துக்கு முந்தையதில் எங்கள் பழைய ஸ்கீயெல்லாம் விளிம்பு தேய்ந்து, தீட்டக்கூட இரும்பு மிச்சமில்லாமல் போனது. ஆறு பேருக்கும் ஒரே மாதிரி ஆறு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள் என்று சறுக்குமைதான முதலாளி சொல்லிவிட்டார். அதில்தான் சிக்கல். எங்களுக்கு வேண்டியது எல்லாப் பனிக்கும் ஏற்ற ஸ்கீ. காலையில் முழங்கால் ஆழத்தில் போவோம், மத்தியானம் அதே இடம் மேடும் பள்ளமுமாகிவிடும், சாயங்காலம் கண்ணாடிபோல உறைந்து வழுக்கும். வாக்கிடாக்கியில் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று குரல் வந்தால், உள்ளே போய் ஸ்கீ மாற்றிக்கொண்டா வர முடியும்?

குழுத் தலைவர் நகுமோ தெட்சுரோ. இக்குயோ அக்காவும் அவரும் ஆரம்பப் பள்ளியில் ஒரே வகுப்பு. அகலமான ஸ்கீதான் வாங்க வேண்டும் என்று அவர் முன்பே முடிவு கட்டிவிட்டார்.

"முடிவு பண்ணிட்டு எதுக்கு எங்கிட்ட வர்ற?" என்றார் இக்குயோ அக்கா.

"நீ தலையாட்டுனா பசங்க வாயை மூடிக்குவாங்க, அதுக்குத்தான்."

"ஓட்டிப் பார்க்காம என் தலை ஆடாது. மூணு ஜோடி வரவழை. நாலு பனியும் பார்த்துட்டுச் சொல்றேன்."

மூன்று கம்பெனிகளிலிருந்து மூன்று ஜோடி வந்தன. ஒன்று ஒல்லி, உள்ளே உலோகத் தகடு வைத்தது, கெட்டி. ஒன்று நடுத்தரம். ஒன்று அகலம், வளைந்து கொடுக்கிற மாதிரி. பெயரைப் பார்த்தால் மனசு முந்திக்கொள்ளும் என்று சொல்லி, இக்குயோ அக்கா அவற்றைப் பிரிக்காமலே சாப்பாட்டுக்கூடத்துச் சமையல்காரம்மா ஹட்சுயேயிடம் கொடுத்தார். சோற்று உருண்டைக்குக் கடற்பாசி சுற்றுவதுபோல ஹட்சுயே கறுப்பு டேப்பால் மேல்பக்கத்தைச் சுற்றி, அதே வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் ஒட்டிக் கொடுத்தார். சோதனைக்கென்று அனுப்பியவை என்பதால் அடிப்பக்கத்தில் எழுத்து எதுவும் இல்லை; எது எந்தக் கம்பெனியுடையது என்று இக்குயோ அக்காவுக்கே தெரியாது. மூன்றுக்கும் ஒரே மெழுகு, ஒரே அளவு தீட்டல். ஓட்டி முடித்ததும் அவரவர் தாளில் எழுதிவிட வேண்டும். அதுவரை லிப்டில் ஸ்கீயைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

"லிப்ட்ல வேற என்னத்தப் பேசுறது?" என்றார் தலைவர்.

"உன் மருமகளைப் பத்திப் பேசு. தினமும் அதத்தானே பேசுற."

ஜனவரி கடைசியில் ஒரே ராத்திரியில் எழுபது சென்டிமீட்டர் விழுந்தது. ஊதினால் பறக்கிற உலர்ந்த பனி. லிப்டின் ஏழாம் கம்பத்துக்குக் கீழே இருக்கும் சரிவில், ஒவ்வொரு ஸ்கீயிலும் ஆளுக்கு இரண்டு ஓட்டம். மூன்றாம் எண் மிதந்தது. காலுக்கு அடியில் தரை என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. ஒன்றாம் எண் மூக்கை உள்ளே விட்டது. பின்னால் சாய்ந்து சாய்ந்து எனக்குத் தொடை நடுங்கியது. இரண்டாம் எண் பாதி மிதந்தது, பாதி உழுதது. தலைவர் கீழே வந்து, மீசையெல்லாம் பனியோடு கத்தினார்.

"இக்குயோ! இது ஸ்கீயே இல்ல, மேகம்! இன்னைக்கே ஆர்டர் போட்டுடலாம்."

"தாள்ல எழுது மொதல்ல."

"எழுதிட்டேன். மேகம்னே எழுதியிருக்கேன்."

"சரி. மத்தியானம் இதே சரிவுல மேகத்தை இன்னொரு தடவை ஓட்டு."

மத்தியானத்துக்குள் நூறு பேர் அந்தச் சரிவை உழுதிருந்தார்கள். மூன்றாம் எண் ஒவ்வொரு பனிக்கட்டியிலும் முட்டி அங்கும் இங்கும் திரும்பியது. ஒன்றாம் எண் எதையும் மதிக்காமல் வெட்டிக்கொண்டு போனது. தலைவர் மேகத்தைப் பற்றிக் கொஞ்சம் குறைவாகப் பேசினார்.

பிப்ரவரி நடுவில் ஒரு நாள் மழை பெய்து, மறுநாள் விடிவதற்குள் மலை மொத்தமும் உறைந்தது. இக்குயோ அக்கா மீட்பு வண்டியையும் எடுத்துவரச் சொன்னார். அடிபட்டவர்களைக் கிடத்தி இழுத்துவரும் நீளமான வண்டி அது. ஆளுக்குப் பதிலாக முப்பது கிலோ அரிசி மூட்டை இரண்டை அதில் கட்டினோம். தலைவர் மூன்றாம் எண்ணைப் போட்டுக்கொண்டு தானே முதலில் போவேன் என்றார். இரண்டு திருப்பம் நன்றாகத்தான் போனார். மூன்றாவதில் விளிம்பு பிடிக்கவில்லை. ஸ்கீ பக்கவாட்டில் வழுக்க, பின்னாலிருந்து வண்டி தள்ள, மனுஷன் முப்பது மீட்டர் சறுக்கிக்கொண்டே போய் ஓரத்து வலையில் விழுந்தார். ஒரு மூட்டை கிழிந்து, அந்த முப்பது மீட்டருக்கும் அரிசி கோடு போட்டது.

இக்குயோ அக்கா ஒன்றாம் எண்ணில் இறங்கினார். கத்தியால் கோடு இழுத்ததுபோல வந்து, விழுந்து கிடந்தவர் தலைக்குப் பக்கத்தில் நின்றார்.

"எலும்பு எதுவும் போச்சா?"

"எலும்பெல்லாம் இருக்கு. மானந்தான் போச்சு."

"அது உறைபனிக்கு முன்னாடியே போயிடுச்சு. எந்திரி, காக்கா வருது."

உண்மையாகவே காக்கைகள் வந்துவிட்டன. தலைவர் எழுந்து, கையுறையைக் கழற்றி, மூன்றாம் எண்ணின் தாளில் "உறைபனிக்கு வேண்டாம்" என்று தானே எழுதினார். அதை நான் மதிக்கிறேன். இக்குயோ அக்காவின் முகத்தையும் அன்றைக்குக் கவனித்தேன். ஒன்றாம் எண் அவருக்குப் பிடித்துவிட்டது. இதுதான் ஜெயிக்கும் என்று மனசுக்குள் தீர்மானித்துவிட்டது அவர் சிரிப்பில் தெரிந்தது.

மார்ச் வந்தது. வருஷா வருஷம் மார்ச் பத்தாம் தேதி இக்குயோ அக்கா கடையை விட்டு இறங்கிவிடுவார். வயலில் கிடக்கும் பனி சீக்கிரம் உருக, அதன்மேல் கரித்தூள் தூவ வேண்டும். இல்லாவிட்டால் அஸ்பாரகஸ் முளைக்கத் தாமதமாகும். அவர் கிளம்புகிற நேரம் தலைவர் சாதாரணமாகச் சொன்னார்:

"நீ போ. ஈரப்பனிக்கு உன் நோட்டுல ஏற்கெனவே எழுதி வெச்சிருப்பியே, அதையே பார்த்துக்கறோம்."

இக்குயோ அக்கா தோளில் போட்ட பையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நோட்டை எடுத்துப் பிரித்து எங்கள் பக்கம் திருப்பினார். எத்தனையோ தடவை படித்த பக்கங்கள்தான். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. மூன்று கட்டம் பேனாவில் எழுதியிருந்தது. நான்காவது கட்டம், எல்லாப் பக்கத்திலும், பென்சிலில்.

"இது நான் ஓட்டிப் பார்த்து எழுதினது இல்ல," என்றார். "நல்ல ஈரப்பனி இருக்கற நேரத்துல நான் இங்க இருந்ததே இல்ல. உறைபனியில நல்லா நிக்கிற ஸ்கீ ஈரத்துலயும் நிக்கும்னு நெனச்சு எழுதினேன். அவங்க இவங்க சொன்னதையும் எழுதினேன். அப்புறம் பேனாவுல மாத்தணும், மாத்தணும்னு இருந்து..."

இக்குயோ அக்கா தன் கணவர் நொரியாகிக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் சத்தம் எங்களுக்கே கேட்டது.

"கரி தூவ நான் ஒருத்தன்தானா? பனி உனக்காகக் காத்திருக்குமா?"

"உங்க தம்பியைக் கூப்பிட்டுக்குங்க. இந்த ஒரு வருஷம் நான் இங்க இருக்கணும்."

"அப்படி என்னடி தலைபோற வேலை?"

"எழுதினது சரியான்னு பார்க்கணும்."

நொரியாகி, "சாப்பாட்டுக்கு மூங்கில் இலைச் சுஷி குடுத்து விடறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மார்ச் இருபத்தேழாம் தேதி வெயில் சுள்ளென்று அடித்தது. பனி ஈரச் சர்க்கரைபோல ஊறிக் கனத்துக் கிடந்தது. மூன்றாம் எண் அதன்மேல் படகு மாதிரி போனது. இரண்டாம் எண் கொஞ்சம் கனத்தது. ஆனால் திருப்பு என்றால் திரும்பியது. இக்குயோ அக்கா ஒன்றாம் எண்ணைக் கடைசியாகப் போட்டுக்கொண்டார். மூன்றாவது திருப்பத்தில் ஸ்கீ உள்ளே இறங்கியது. கெட்டியான வால் பனிக்குள் மாட்டி வெளியே வரவில்லை. கால் அங்கேயே நிற்க, உடம்பு மட்டும் திரும்பி, அவர் முகங்குப்புற விழுந்தார். ஸ்கீயைக் காலோடு பிடிக்கும் பூட்டு கழன்றது, நல்லவேளை. எழுந்து முழங்காலைத் தடவிவிட்டு மறுபடி மேலே போனார். நாலு தடவை ஓட்டினார். இரண்டு தடவை விழுந்தார். தாளில், "ஈரத்தில் காலைத் திருகுகிறது. வயசானவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. செய்தவன் மார்ச்சில் மலைக்கு வந்ததே இல்லை போலிருக்கிறது" என்று எழுதினார்.

சாப்பாட்டுக்கூடத்தில் வைத்து ஹட்சுயே டேப்பை உரித்தார். மூன்றும் இரண்டும் வெளியூர்க் கம்பெனிகள். ஒன்றாம் எண்ணில் டேப் பாதி உரிந்தபோதே இக்குயோ அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் மாவட்டத்திலேயே ஒரு சின்னப் பட்டறையில் செய்கிற ஸ்கீ அது. அதைப் பன்னிரண்டு வருஷமாக இந்தக் கடையில் விற்றவர் அவர்தான். கேட்டவர்களுக்கெல்லாம் முதலில் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்.

தலைவர் கிண்டலுக்கு வாயைத் திறந்தார். இக்குயோ அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, டீக்கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"கெட்ட ஸ்கீ இல்ல இக்குயோ. அன்னைக்கு ஐஸ்ல எப்படி நின்ன நீ!"

"ஸ்கீ கெட்டதுன்னு யார் சொன்னா? நான் சொன்னதுதான் கெட்டது" என்றார் அவர்.

மறுநாளே போனை எடுத்து உட்கார்ந்தார். அந்த ஸ்கீயை வாங்கியவர்களின் பெயர்கள் கடையில் இருந்தன. உள்ளூரில் இருந்த பத்தொன்பது பேருக்கும் ஒவ்வொருவராகச் சொன்னார்: ஈரப்பனியில் இது சரியில்லை, தெரியாமல் சொல்லிவிட்டேன், மார்ச்சில் வந்தால் வேறு ஜோடி சும்மா தருகிறேன். பெரும்பாலானவர்கள் சிரித்துவிட்டு "பரவாயில்லக்கா" என்றார்கள். ஈயாமாவில் பல் மருத்துவர் கஜிவாரா, அறுபத்தேழு வயது, அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"டாக்டர், இருக்கீங்களா?"

"இருக்கேன். மார்ச் வந்தா முழங்கால் வலிக்குதும்மா எனக்கு. வயசாயிடுச்சுன்னு நெனச்சு, எட்டு வருஷமா பிப்ரவரியோட ஸ்கீயைக் கட்டி வெச்சுடறேன்."

"அது உங்க முழங்கால் இல்ல டாக்டர். நான் குடுத்த ஸ்கீ."

ஏப்ரல் முதல் சனிக்கிழமை அவர் வந்தார். மருத்துவமனையை அரை நாள் மூடிவிட்டு வந்ததாகச் சொன்னார். இக்குயோ அக்கா இரண்டாம் எண்ணை அவர் பூட்ஸுக்குச் சரிசெய்து கொடுத்து, தானும் கூடவே போனார். முதல் ஓட்டத்தில் டாக்டர் பயந்து பயந்து, ஒவ்வொரு திருப்பத்துக்கும் நின்று நின்று வந்தார். இரண்டாவதில் நடுவில் ஒரே ஒரு தடவை நின்றார். நாலாவது ஓட்டம் மேலிருந்து கீழ்வரை நிற்கவே இல்லை. கீழே வந்து ஊன்றுகம்பில் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கினார். முழங்காலைக் கையால் தட்டிப் பார்த்தார்.

"எட்டு மார்ச் மாசம் எனக்கு நீங்க தரணும்" என்றார்.

இக்குயோ அக்கா தலை தாழ்த்தி நின்றார். நிமிர்ந்து, "ஒண்ணு இன்னைக்குக் குடுத்துட்டேன். மீதி ஏழுக்கு உயிரோட இருங்க" என்றார். டாக்டர் சிரித்த சிரிப்பில் அவர் பல் எல்லாம் தெரிந்தது. உடனே ஐந்தாவது ஓட்டத்துக்கு லிப்ட் பக்கம் நடந்தார்.

எங்கள் குழுவுக்கு இரண்டாம் எண்ணையே ஆறு ஜோடி வாங்கினோம். எந்தப் பனியிலும் அது முதலாவதாக வரவில்லை. எந்தப் பனியிலும் எங்களைக் கவிழ்க்கவும் இல்லை. மூன்றாம் எண்ணைத் தலைவர் தன் செலவில் வாங்கி, லீவு நாளில் புதுப்பனி விழுந்தால் மட்டும் எடுக்கிறார். ஒன்றாம் எண்ணை இக்குயோ அக்கா இன்னமும் விற்கிறார். "விடிஞ்சதும் வந்து பத்து மணிக்கெல்லாம் கிளம்பறவங்களுக்கு இதைவிட நல்லது கிடையாது. மார்ச்சுல மத்தியானம் மட்டும் போட்டுடாதீங்க" என்று சொல்லித்தான் கொடுக்கிறார்.

அந்த வருஷம் அவர்கள் வயலில் அஸ்பாரகஸ் பத்து நாள் தாமதமாக முளைத்தது. நொரியாகி அண்ணன் இரண்டு நாள் முனகினார். முதல் அறுப்பில் ஒரு கட்டு எடுத்து அவரே எங்கள் குழு அறைக்குக் கொண்டுவந்து, ஹட்சுயேயிடம் வதக்கச் சொல்லி, எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.