பூஜைக்குப் போன கத்தியும் அக்காவின் சுண்டலும்

என் அக்கா பொய் சொன்னாள். என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு விட்டிருப்பேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சொன்னாள். சித்தப்பா, பெரியம்மா, கோடம்பாக்கத்து ஒன்றுவிட்ட தம்பிகள், அவர்கள் பெண்டாட்டிகள் எல்லோரும் படிக்கிற இடம் அது. "அப்பாவுக்கு அந்த வீட்ல ஊரார் வீட்டு மிச்சத்ததான் போடுறாங்க. சுகர் இருக்கிற மனுஷன். இனிமே என் வீட்லதான் இருப்பார்" என்று எழுதினாள். கீழே எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து எடுத்த போட்டோ ஒன்றையும் போட்டாள். அந்தப் போட்டோவில்தான் அவள் மாட்டிக்கொண்டாள்.

நாங்கள் இருப்பது மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்பக்கம் ஒரு சந்தில், இரண்டாம் மாடி. மனைவிக்குத் தரமணியில் வேலை. காலையில் ரயிலைப் பிடித்தால் இருட்டித்தான் வருவாள். நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். அதனால் சமையல் என்னுடையது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, நானும் தியாகம் எதுவும் செய்யவில்லை. எனக்குச் சமைக்கத் தெரியும், பிடிக்கும், அவ்வளவுதான். அக்காவுக்கு இதுவே பிடிக்காது. ஆம்பளை கையால் அப்பா சாப்பிடுகிறார் என்று தி. நகரில் அவள் வீட்டுப் பக்கம் சொல்லிக்கொள்ள அவளுக்கு வெட்கம். அவளைக் கொடுத்திருப்பது தெற்கேயிருந்து வந்து ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பத்தில். நல்ல மனிதர்கள். அவர்களுக்கு அந்த வெட்கம் இல்லை, இவளுக்குத்தான்.

அப்பா கோடம்பாக்கத்து ஸ்டூடியோக்களில் லைட் தூக்கியவர். கம்பெனிச் சாப்பாடு சாப்பிட்டே வயிற்றைக் கெடுத்துக்கொண்டார். சர்க்கரையும் வந்தது. என் வீட்டுக்கு வந்த பிறகுதான் அது அடங்கியது. பயறும் கீரையும் சிறுதானியமும் கொடுத்தால் அடங்கும், வாரம் முழுக்க சோற்றைக் கொட்டினால் அடங்காது. டாக்டர் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு, அதையே தொடருங்கள் என்றார். அக்காவிடம் இதைச் சொன்னேன். டாக்டர் மரியாதைக்குச் சொல்லியிருப்பார் என்றாள்.

இனி நவராத்திரிக்கு வருகிறேன். மயிலாப்பூரில் நவராத்திரி என்றால் என்ன என்று ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். கொலு பார்க்கப் போவது என் மனைவியும் மகளும். பட்டுப்பாவாடை, பூ, போட்டோ எல்லாம் அவர்களுக்கு. கொண்டுவரும் சுண்டலோடு மல்லுக்கட்டுவது நான். ஒரு சாயங்காலத்தில் மூன்று வீடு போனால் மூன்று டப்பா. கொண்டைக்கடலை, காராமணி, மொச்சை, பட்டாணி. கூடவே வெற்றிலை பாக்கோடு முழுத் தேங்காய். மற்ற வீடுகளில் இது என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியும். வேலைக்கார அம்மாவிடம் போகும், அவரும் ஏற்கெனவே நாலு வீட்டில் வாங்கியிருப்பார், கடைசியில் குப்பைக்குப் போகும். நல்ல பயறு. யாரோ இரவே ஊறவைத்து, வேகவைத்து, தாளித்துக் கொடுத்தது. அதைக் கொட்ட எனக்கு மனசு வராது.

அதற்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். டப்பா வீட்டுக்குள் வந்ததும் திறப்பேன். முதலில் கெட்டுப்போவது தேங்காய்த்துருவல்தான், பயறு அல்ல. வெந்நீரில் ஒரு முறை அலசினால் தேங்காய், மாங்காய்த்துண்டு, எண்ணெய், அதிக உப்பு எல்லாம் போய்விடும். வடிகட்டினால் சுத்தமான வெந்த பயறு. அதை மறுபடி டப்பாவில் போட்டு உள்ளே வைப்பேன். மறுநாள் குழம்பாகும், கூட்டாகும், அடையாகும். யார் வீட்டு மிச்சம் இது? அப்படிப் பார்த்தால் கோவில் பிரசாதமும் மிச்சம்தான்.

அக்கா வீட்டுக் கொலுவுக்கும் போனார்கள். அங்கிருந்து ஒரு பெரிய டப்பா வந்தது, மூடியிலும் பக்கவாட்டிலும் அவர்கள் கடைப் பெயர் அச்சடித்தது. உள்ளே கொண்டைக்கடலை. அப்பா ஆசையாக ஒரு கை அள்ளி வாயில் போட்டார். கொஞ்ச நேரம் மென்றார். பிறகு ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"இன்னாடா இது, கோலி குண்டாட்டம் கீது?" என்றார். பெண் செய்தது என்று நினைவு வந்ததும், "இல்ல, என் பல்லு சரியில்ல" என்று சேர்த்துக்கொண்டார்.

பல்லுக்கு ஒன்றும் இல்லை. கடலை ஊறவில்லை. ஊறாத கடலையில் உப்பைப் போட்டு வேகவைத்திருக்கிறாள், பின்னே எப்படி வேகும்? நான் அலசி, புதுத்தண்ணீர் ஊற்றி, குக்கரில் சிறுதீயில் வெகுநேரம் விட்டேன். வெண்ணெயாக வெந்தது. அவள் டப்பாவைக் கழுவி அதிலேயே போட்டு, ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் வைத்தேன்.

அதே வாரத்தில் அப்பாவின் ரெக்ஸின் பை கட்டிலடியிலிருந்து வெளியே வந்திருந்தது. உள்ளே மடித்த வேட்டிகள், மாத்திரை டப்பா. என்ன இது என்று கேட்டேன். விஜயதசமி நல்ல நாள், அன்றைக்கு வந்து கூட்டிப்போகிறேன் என்று அக்கா போன் செய்தாளாம்.

"உனக்குப் போக ஆசையா?"

"அவ கூப்புட்றா. இன்னா பண்ண சொல்ற?" என்றார்.

அப்பா யாருக்கும் பயப்பட மாட்டார், மகளைத் தவிர. அவள் குரலை உயர்த்தினால் தலையைக் குனிந்துகொள்வார். தி. நகரில் அவளுடைய வீடு பெரியது. ஆனால் அங்கே அவர் காலையில் இறங்கிக் குளத்தைச் சுற்ற முடியாது, டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படிக்க முடியாது. அவருக்குப் போக விருப்பமில்லை என்று எனக்குத் தெரியும். அதை அவர் வாயால் சொல்ல வேண்டும். சொல்ல மாட்டார். அதுதான் என் கோபம்.

விஜயதசமி என்று சொன்னவள் ஒரு நாள் முன்னாலேயே, ஆயுத பூஜையன்று சாயங்காலம், சொல்லாமல் வந்து நின்றாள். கூட அவள் வீட்டுக்காரர் மாமாவும் அவருடைய அம்மாவும். கடைப் பூஜை இழுத்துக்கொண்டு போய்விட்டதாம், யாரும் மதியம் சாப்பிடவில்லையாம். இங்கேயே ஏதாவது சாப்பிட்டுவிட்டு அப்பாவைக் கூட்டிப்போகிறோம் என்றாள். 'ஏதாவது' என்று சொல்லும்போது மாமியாரைப் பார்த்தாள். பிறகு சமையலறைக்குள் வந்து, என்னைக் கேட்காமல் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். வரிசையாகச் சுண்டல் டப்பாக்கள். போனை எடுத்துப் படம் பிடித்தாள். அடுத்த நிமிஷம் என் போனில் சத்தம் வந்தது. நான் நிற்கும்போதே, என் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே, எழுதிப் போட்டிருக்கிறாள்.

வெளியிலிருந்து வாங்கலாமா என்று மனைவி மெதுவாகக் கேட்டாள். கூடாது என்றேன். வாங்கினால் அதுவே அவளுக்குச் சாட்சி.

ஆனால் ஒரு சிக்கல். அன்று ஆயுத பூஜை. மற்றவர்கள் பேனாவையும் ஸ்பேனரையும் வைப்பார்கள். என் ஆயுதம் என்ன? கத்தி, அரிவாள்மணை, தேங்காய்த்துருவி, மிக்ஸி. காலையில் மகள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி முன்னால் அடுக்கியிருந்தாள். மறுநாள் பூஜை முடியும்வரை எடுக்கக் கூடாது. அக்காவே சின்ன வயதில் எனக்குச் சொல்லிக்கொடுத்த வழக்கம் இது. நான் கத்தியை எடுத்திருந்தால் அதையும் குழுவில் போட்டிருப்பாள். வாசலில் உடைத்த பூசணிக்காயைப் பொறுக்கிச் சமைத்தான் என்றுகூட எழுதியிருப்பாள்.

மகள் இரண்டு பொருளை மட்டும் பூஜைக்கு வைக்கவில்லை. கீரை கடையும் மத்தும், இஞ்சி தட்டும் சின்ன இடிகல்லும். அவற்றை அவள் ஆயுதமாக மதிக்கவில்லை. நல்லதாகப் போயிற்று.

வீட்டில் இருந்தது ஒரு கட்டு முருங்கைக்கீரை, பழுத்த தக்காளி நாலைந்து, புளித்த இட்லி மாவு கொஞ்சம், ராகி மாவு, தயிர், பூஜைக்கு வாங்கிய பொரியும் பொட்டுக்கடலையும், கொலுத் தேங்காய்கள். பண்டிகை நாள், வெங்காயம் பூண்டு கிடையாது. முருங்கைக்கீரைக்குக் கத்தி எதற்கு? அப்பாவையும் மகளையும் உட்காரவைத்து உருவச் சொன்னேன். அக்காவின் கடலையை மத்தால் மசித்தேன். ஒரு அழுத்துக்கு நசுங்கியது, அங்கங்கே ஒன்றிரண்டு மட்டும் முழுதாக நின்றது. ராகி மாவு, இட்லி மாவு, இடிகல்லில் தட்டிய மிளகாய், சீரகம், இஞ்சி, அதோடு கீரை. கெட்டியாகப் பிசைந்து, தோசைக்கல்லில் கையால் தட்டி, நடுவில் குழி போட்டு நல்லெண்ணெய் விட்டேன். அடையின் ஓரம் சிவந்து முறுகும் வாசனை கூடத்துக்குப் போனது.

காராமணியும் மொச்சையும் குழம்புக்கு. தக்காளியைக் கையாலேயே பிழிந்தேன், புளியைக் கரைத்தேன், குழம்புத்தூள் போட்டேன். தேங்காயைத் தரையில் அடித்து உடைத்து, கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்து, பொட்டுக்கடலையோடு இடிகல்லில் போட்டு நசுக்கினேன். மிக்ஸியில் அரைத்தால் வராத ருசி அதில் வந்தது. கொரகொரப்பாக, கடிபடக் கடிபட. பொரியை அலசிப் பிழிந்து தயிரில் போட்டுக் கடுகு தாளித்தேன். மூன்று வகை ஆயிற்று.

எல்லோரும் கூடத்தில், சமையலறை வாசலை ஒட்டித் தரையில் உட்கார்ந்தார்கள். மாமா ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார், அவர் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அவருடைய அம்மா குழம்பை ஊற்றி ஊற்றித் தொட்டுக்கொண்டார். அக்கா முதல் அடையைப் பிய்த்துப் பார்த்தாள், முகர்ந்தாள், பிறகு தின்றாள். அதன்பின் அவள் பிய்த்துப் பார்க்கவில்லை. கல்லிலிருந்து எடுக்க எடுக்க தட்டை நீட்டினாள். எந்த மாவில் செய்தாய், கடையில் வாங்கிய மாவா என்று கேட்டாள். கடலை இவ்வளவு பூவாக எப்படி வெந்தது என்றும் அவளே கேட்டாள். நான் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்தால் அடை கருகிவிடும்.

கை கழுவ சமையலறைக்கு வந்த அக்காவின் மாமியார்தான் அதைப் பார்த்தார். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த டப்பா, பக்கத்தில் மூடி.

"எய்யா, இது நம்ம கடை டப்பால்லா?"

"ஆமா அத்தை. நீங்க சாப்பிட்ட அடை உங்க வீட்டுக் கொலு சுண்டல்தான். மறுபடி வேகவெச்சேன்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அன்னைக்கே சொன்னேன், கடலை வேகலைட்டின்னு. கேட்டாளா? வந்த சனமெல்லாம் பல்லப் புடிச்சிட்டுல்லா போச்சு" என்றார், கூடத்துக்குக் கேட்கும்படி.

கூடத்தில் அக்கா தலையை நிமிர்த்தவில்லை. என் மகள் அதற்குள் போட்டோவைப் பெரிதாக்கிவிட்டாள். மேல்தட்டில், எல்லா டப்பாவுக்கும் முன்னால், கடைப் பெயர் பளிச்சென்று தெரிந்தது. ஊரார் வீட்டு மிச்சம் என்றாளே, அந்த ஊரார் வேறு யாருமில்லை. கோடம்பாக்கத்துத் தம்பி ஒருத்தன் குழுவிலேயே கேட்டிருந்தான்: "இன்னாக்கா, நம்ம மாமா கடை டப்பா மேல கீது?"

அக்கா எழுந்து புடவையை உதறினாள். "கெளம்பலாம்பா, பைய எடுங்க" என்றாள்.

அப்பா எழவில்லை. தட்டை என் பக்கம் தள்ளினார். "இன்னொன்னு போடு" என்றார். போட்டேன். ஒரு வாய் பிய்த்துக் குழம்பில் தோய்த்துக்கொண்டு, மகள் முகத்தைப் பார்க்காமல், ஆனால் தெளிவாகச் சொன்னார்:

"நான் எங்கியும் வர்ல. எனக்கு இங்க சாப்பாடு கீது."

எத்தனை வருஷத்துக்குப் பிறகு அவளிடம் அவர் சொன்ன முதல் மறுப்பு அது என்று எனக்குத் தெரியாது. அடையை முழுக்கத் தின்று முடித்தார். மாமியார், "சம்பந்தி சொல்லுததுதான் சரி, அவரு இங்கனயே இருக்கட்டும்" என்று முடித்துவைத்தார். போகும்போது எனக்குச் செய்முறை வேண்டும் என்று வேறு கேட்டார். ரெக்ஸின் பையை என் மகள் அன்றே காலி செய்தாள். அப்பா இப்போதும் காலையில் குளத்தைச் சுற்றிவிட்டு வந்து இன்று என்ன அடை என்று கேட்கிறார்.

நான் ஜெயித்தேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. கத்தி இல்லாமல், மிக்ஸி இல்லாமல், கடைக்குப் போகாமல், அவள் கெடுத்ததை வைத்தே அவளுக்கு வயிறாரப் போட்டேன்.

ஆனால் ஒரு விஷயம் பாக்கி. அவர்கள் கார் பாண்டி பஜார் போய்ச் சேர்வதற்குள் அந்தப் போட்டோ குழுவிலிருந்து காணாமல் போனது. நீக்கிவிட்டாள். எழுதியதை மட்டும் நீக்கவில்லை. மிச்சத்தைப் போடுகிறார்கள் என்ற வாக்கியம் இன்றும் அங்கேயே நிற்கிறது. அதற்குப் பெரியம்மா வைத்த அழுகிற பொம்மையும் அப்படியே நிற்கிறது. அக்கா எனக்குத் தனியாக போன் செய்து, விடுடா, பழசைப் பேசாதே என்றாள். நான் விடவில்லை.

அக்கா, உன்னைத்தான் கேட்கிறேன். எனக்கு போன் பண்ணாதே, அப்பாவிடம் சொல்லி அனுப்பாதே. எந்தக் குழுவில் எழுதினாயோ அதே குழுவில், அதே ஆட்கள் படிக்கும்படி பதில் எழுது. அந்த டப்பா யாருடையது? அதிலிருந்த கடலையை வேகவைத்தது யார்? அன்று ராத்திரி நீ எத்தனை அடை தின்றாய்?