மைனஸ் ஐம்பத்தொன்றில் ஒரு பலகை

பதினொரு குளிர்காலங்களில் துய்யாரா வேலைக்குத் தாமதமாகப் போனது ஒரே ஒரு நாள்தான். அன்று குளிர் மைனஸ் ஐம்பத்தொன்று டிகிரி.

சைபீரியாவின் யாக்கூத்ஸ்க் நகரத்து ரொட்டி ஆலையில் காலை ஷிப்டின் அடுப்புகள் அவள் பொறுப்பு. வீடோ லேனா ஆற்றின் எதிர்க்கரையில். ஆறு கெட்டியாக உறைந்ததும் அதன் மேலேயே பாதை திறந்துவிடுவார்கள். ஐஸ் உடைந்தால் சட்டென்று வெளியே குதிக்க வசதியாக, சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அதில் வண்டி ஓட்டுவாள். அடுத்தவர் காரியத்தில் மூக்கை நுழைப்பவள் என்று அவளுக்கு ஊரில் பெயர் உண்டு. அவளும் மறுத்ததில்லை.

அந்தப் பாதையில் நிற்கும் வண்டியைப் பார்த்தால் யாரும் விசாரிக்காமல் போவதில்லை. இன்ஜின் நின்றால் அரை மணியில் மனிதனும் விறைத்துப்போகிற குளிர். இந்த வழக்கத்தால் நொந்துபோனவன் தெரெந்தி. ஐஸைத் துளைத்து அதன் கனத்தை அளப்பது அவன் வேலை. தினமும் ஒரே இடத்தில் வேனை நிறுத்துவான். ஒவ்வொரு காரும் நின்று கேட்கும்.

"என்னப்பா, வண்டி மக்கரா?"

"இல்லைங்க, போங்க!"

நாளுக்கு ஐம்பது முறை. ஜனவரியில் பொறுமை போய் ஒரு பலகை நட்டான். "எனக்கு ஒன்றுமில்லை. ஐஸ் அளக்கிறேன். நிற்காமல் போங்கள்." அடியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினான். சிமென்ட் போல இறுகிவிட்டது. அதன்பின் எல்லாரும் கையசைத்துவிட்டுப் போனார்கள். அவனும் கோழி விரட்டுவதுபோலத் திருப்பி அசைத்தான்.

அன்று காலை மூடுபனி கண்ணை மறைத்தது. துய்யாராவின் பக்கத்தில் அதே ஆலையில் வேலை செய்யும் வர்வாரா. விளக்கொளியில் பலகை தெரிந்தது, பிறகு வேன், அதன் ஜன்னலில் ஆடும் கை. முன்னால் போன இரண்டு கார்களும் வேகம் குறைக்காமல் தாண்டிப் போயின. துய்யாரா பிரேக்கை மிதித்தாள்.

"அக்கா, எதுக்கு நிக்கிறீங்க? அதான் போங்கன்னு எழுதி வச்சிருக்கானே!"

"அது சரி. புகை எங்கடி?"

"என்ன புகை?"

"வேனுக்குப் பின்னாடி பாரு. நம்ம வண்டி எப்படிப் புகையுது? அதுல ஒண்ணுமே காணோம்."

"ஏழரை ஆச்சு. அடுப்பை யாரு பத்த வைப்பா?"

"நீ வேணா நடந்து போய்ப் பத்த வை."

இறங்கிப் போய்க் கதவைத் திறந்தாள். தெரெந்தியின் புருவமும் மீசையும் வெள்ளையாகியிருந்தன. பேச்சு குழறியது.

"பன்னெண்டு வண்டி... எல்லாரும் டாட்டா காட்டிட்டுப் போறாங்க..."

இன்ஜின் நின்று நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. போன் குளிரில் செத்துவிட்டது. முதலில் பலகையைப் பிடுங்கப் பார்த்தான், அசையவில்லை. ஆத்திரத்தில் உதைத்தான். கணுக்கால்தான் பிசகியது. தவழ்ந்து வேனுக்குள் ஏறி அப்போதிருந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

இருவரும் அவனைத் தூக்கிப் பின் சீட்டில் போட்டார்கள். வர்வாரா தன் கையுறைகளை அவனுக்கு மாட்டி, பிளாஸ்கிலிருந்து டீயை ஊட்டினாள்.

"நல்லா எழுதி வச்சே, போ. எழுத்துப் பிழைகூட இல்ல," என்றாள்.

"சிரிக்காத தாயி, உதடு வெடிக்குது."

மருத்துவமனை வாசலில் அவனை இறக்கும்போது துய்யாராவுக்கு ஒரு சந்தேகம். "ஆமா, இன்னைக்கு ஐஸ் எவ்வளவு கனம்?"

"தொண்ணூத்தெட்டு சென்டிமீட்டர்."

"சாயங்காலம் திரும்பிப் போக அது போதும்," என்று கிளம்பினாள். ஆலைக்குள் நுழைந்தபோது எட்டேகால்.

இரண்டு விரல் நுனிகள் கறுத்துப்போனாலும் தெரெந்தி மூன்று வாரத்தில் வேலைக்குத் திரும்பினான். பலகை அங்கேயேதான் நிற்கிறது. அதன் மேல் ஒரு கோணிச் சாக்கைக் கவிழ்த்துக் கட்டியிருக்கிறான். மே மாதம் உறைந்த ஆறு உருகி உடையும்போது அதுவும் ஐஸோடு போய்விடும்.