அக்கா மறந்துவிட்டால் அத்தான் என்ன ஆவார்?

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவரின் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அந்த வேலை பார்ப்பதால் இவருக்குப் பிரேக் மாமா என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் வாய்க்கு மட்டும் அந்த வசதி கிடையாது. ஸ்டியரிங்கை உடும்புப் பிடியாகப் பிடித்து வியர்த்துக்கொண்டிருப்பவரிடம், "சரி, இப்ப செத்தா எங்க போவீங்க?" என்று கேட்பார். கேட்டவர்கள் மிரட்டுகிறார் என்று நினைத்துவிடுவார்கள். அவருக்கு அது அக்கறை.

"நல்ல மனசு இருந்தா போதும் சார்" என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு. "நல்ல மனசோட சிவப்பு விளக்கைத் தாண்டிப் பாருங்களேன்" என்பார். ஞாயிற்றுக்கிழமை அவர் போகும் கிறிஸ்தவ சபையில் பாதி பெஞ்சு காலி. போதகரே குரலைத் தாழ்த்திப் பிரசங்கிக்கிற காலம். மாமா மட்டும் முன்வரிசையில் நின்று, கூட்டம் நிரம்பி வழிவதுபோலத் தொண்டை கிழியப் பாடுவார். சுருதி சேராது, அது வேறு விஷயம்.

அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் வாயைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தார். அவருடைய அக்காவின் கணவர் இறந்துபோயிருந்தார். அக்கா மகன் ஒரு மண்டபத்தில் நினைவுக்கூட்டம் ஏற்பாடு செய்திருந்தான்.

"மாமா, என் ஆபீஸ்காரங்க வர்றாங்க. இந்தக் காலத்துல யாரு இதெல்லாம் நம்புறாங்க? உயிர்த்தெழுதல், நியாயத்தீர்ப்புன்னு ஆரம்பிச்சீங்க, அப்புறம் வீட்டுப் பக்கமே வராதீங்க."

அக்கா இருப்பது அவன் வீட்டில். வாரம் ஒருமுறையாவது அவளைப் பார்க்காவிட்டால் மாமாவுக்கு இருப்புக் கொள்ளாது. "சரிடா, சிரிப்புக் கதை மட்டும் சொல்றேன்" என்று தலையாட்டிவிட்டார்.

மேடையேறிய எல்லோரும், "அவர் நம்ம நினைவுல வாழ்றாரு" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார்கள். மாமாவின் முறை வந்தது. அத்தான் வண்டியைப் பின்னால் எடுக்கிறேன் என்று சொந்த வீட்டு கேட்டையே பெயர்த்த கதையைச் சொன்னார். மண்டபம் குலுங்கியது. மருமகன் கட்டைவிரலை உயர்த்தினான். அந்தச் சூட்டோடு முடித்துவிடலாம் என்று, "அத்தான் எப்பவும் நம்ம நினைவுல வாழ்வாரு" என்றார். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

முன்வரிசையில் அக்கா கையைத் தூக்கினாள். கொஞ்ச காலமாகவே அவளுக்கு மறதி. காலையில் பேசியவரையே மாலையில் யார் என்று கேட்பாள்.

"தம்பி, எனக்குத்தான் எதுவும் ஞாபகம் நிக்க மாட்டேங்குதே. நான் மறந்துட்டா அவரு என்ன ஆவாரு?"

மாமா மருமகனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். வாயைத் திறந்தால் இனி அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது என்று மாமாவுக்குத் தெரியும். ஆனாலும் மைக்கை வைத்துவிட்டு இறங்கிப்போய் அக்கா முன்னால் உட்கார்ந்தார்.

"நான் சொன்னது தப்புக்கா. அத்தான் நம்ம ஞாபகத்தை நம்பி இல்ல. இயேசு கல்லறையை விட்டு நிஜமாவே எழுந்தாரு. அவரை நம்புன அத்தானையும் எழுப்புவாரு. நீ மறந்தாலும் அவரு மறக்க மாட்டாரு."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்க்கா."

அக்கா நிம்மதியாகச் சாய்ந்துகொண்டாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துக் கேட்டாள்: "தம்பி, உங்க அத்தான் எங்க?"

பின்னாலிருந்து மருமகனின் குரல் கேட்டது.

"அம்மாவுக்கு இன்னொரு தடவை சொல்லுங்க மாமா. சத்தமாவே சொல்லுங்க."