எனுக்குன்னே ஒளிச்சி வெச்ச லெக் பீசு

இப்ப நெனச்சாலும் காண்டாவுது மாமு. மன்சன் டூப் வுடலாம், அதுக்குன்னு புதுநன்மை வாங்குன அன்னிக்கேவா?

அன்னிக்கு காலைல ராயபுரம் மாதா கோயில்ல எனுக்கு புதுநன்மை, மொத மொதல்ல நற்கருணை வாங்குற நாளு. வெள்ள பேண்ட்டு, வெள்ள சட்ட, கைல ரிப்பன் கட்டுன மெழுகுவத்தி. பூசை முட்ஞ்சதும் நைனாவும் அம்மாவும் கல்மண்டபத்தாண்ட ஒரு பிரியாணி கடைக்கு இட்டுனு போனாங்கோ. சர்வர் இளிச்சிகினே வந்தாரு. தட்ட வெச்சிட்டு என் காதாண்ட குனிஞ்சி, "புதுநன்மை புள்ளையா? உனுக்குன்னே ஒளிச்சி வெச்ச லெக் பீசு கண்ணு. வெளிய சொல்லிக்காத"ன்னாரு. ராயபுரத்துக்கே நாந்தான் ராஜான்னு துன்னேன். நைனாவுக்கு அதுக்கு மேல குஷி. பில்லு குட்த்துட்டு சோம்பு தட்டுல அம்பது ரூவா வெச்சாரு. ஷேர் ஆட்டோல அஞ்சு ரூவாவுக்கு சண்ட போடுற மன்சன்!

கைய கழுவிகினு திரும்புறேன், அடுத்த டேபிள்ல என் கிளாஸ் பையன். அவனும் வெள்ள சட்ட. சர்வர் அவன் காதாண்டயும் அதே மாரி குனிஞ்சி, அதே "ஒளிச்சி வெச்ச லெக் பீசு". அந்தாண்ட ஒரு பொண்ணு, தலைல வெள்ள கிரீடம், அதுவும் லெக் பீசு எலும்ப கட்ச்சிகினு கீது.

இன்னா அக்கிரமம்! நேரா போயி தட்டுல கெடந்த அம்பத எட்த்துகினேன். "யோவ், உங்க கடைல கோழிக்கு எத்தினி காலுய்யா? எல்லார்கிட்டயும் ஒரே டயலாக்கா?"

கடையே சிரிச்சிது. அந்த பொண்ணோட அப்பா, தட்டுல வெச்ச நோட்ட நைசா திரும்ப பாக்கெட்டுல சொருகிட்டாரு. சர்வர் மூஞ்சி தொங்கிப் போச்சு. தொடச்ச டேபிளயே மறுக்கா மறுக்கா தொடச்சிகினு நின்னாரு.

நைனாவும் சிரிச்சாரு. அம்மா சிரிக்கல. என் மண்டைல ஒன்னு வெச்சிது. அம்பத புட்ங்கி, சுருக்குப்பைலேர்ந்து இன்னொரு அம்பதும் சேத்து சர்வர் கைல திணிச்சிது. "கோச்சிக்காதண்ணா, புள்ளைக்கு ஒன்னும் தெர்ல."

பொய் சொன்னவனுக்கு டபுள், நியாயம் கேட்டவனுக்கு கொட்டு!

மறுநாள் லீவு. அம்மா மீன் விக்கிற எடத்துல பக்கத்துல குந்திகினு இருந்தேன். வந்த பொம்பளைங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் அம்மா குனிஞ்சி, "உனுக்குன்னே எட்த்து வெச்சேன் கண்ணு, வேற யாருக்கும் காட்டல"ன்னு வஞ்சரத்த தூக்கி காட்டிச்சு. எங்கம்மாவுக்குத்தான் ஜனங்க மேல எவ்ளோ பாசம்னு நெனச்சிகினேன். அந்த சர்வர மட்டும் அடுத்த தபா பாவத்த சொல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு போவ சொல்லோ சாமியார்கிட்ட போட்டுக் குடுத்துடணும்னு முடிவு பண்ணேன்.