பிழையக்காவும் பொருந்தாத இரண்டு கற்களும்

ஈரப் பஞ்சை இடமிருந்து வலமாக ஒரே இழுப்பாக இழுக்கிறார். கையைத் தூக்கி, அடுத்த வரியின் இடது ஓரத்துக்குப் போய் மறுபடி தொடங்குகிறார். திரும்பும்போதும் துடைத்துக்கொண்டே வந்தால் நேரம் மிச்சமாகுமே என்று ஒருவர் யோசனை சொன்னார். "படிக்கும்போது ரெண்டாவது வரிய வலது பக்கத்துலேருந்தா படிப்பீங்க?" என்று கேட்டுவிட்டு, நிமிராமல் மூன்றாவது வரிக்குப் போனார்.

அவர் துடைப்பது கல்லை. ஊருக்கு வெளியே முப்பத்தைந்து ஆண்டுகளாக மூடிக் கிடக்கும் செம்புச் சுரங்கத்தைச் சுற்றி, இன்னும் செம்பும் கொஞ்சம் தங்கமும் மிச்சமிருக்கலாம் என்ற நம்பிக்கையில் ஒரு கம்பெனி துளை போட்டுப் பார்க்கிறது. மெஷின் பூமிக்குள்ளிருந்து மணிக்கட்டுக் கனத்தில் உருளை உருளையாகக் கல்லை உருவித் தரும். அதற்குக் கோர் என்று பெயர். ஒரு மீட்டர் நீளத் தட்டைப் பெட்டியில், ஐந்து வரிசையாக, வெளிவந்த ஒழுங்கு மாறாமல் அடுக்கி அதைக் கொட்டகைக்கு அனுப்புவார்கள். கழுவுவது, உடைந்த முனைகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பது, ஆழத்தை எழுதுவது, படம் எடுப்பது எல்லாம் இவர் பொறுப்பு.

பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. பிழையக்கா என்றால்தான் தெரியும். பதினெட்டு வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவர். அச்சகத்தை இழுத்து மூடியபோது வயது நாற்பத்தெட்டு. கோர் கொட்டகைக்குப் பொறுமைசாலியான ஆள் தேவை என்று கேள்விப்பட்டு வந்தார். கல்லைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார்கள். "கல்லப் பத்தி ஒண்ணும் தெரியாது. வரிசை மாறினா தெரியும்" என்றார். வேலை கிடைத்தது.

தலையில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி. இரண்டுமே அவருடையவைதான், எது கிட்டப் பார்ப்பதற்கு என்பது அவருக்கு மட்டும் தெரியும். காதில் சிவப்புப் பென்சில். கற்களோடு பேசுவார். "வா, உன் ஜோடி எங்க?" என்று ஒரு துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அது அடுத்த துண்டோடு நறுக்கென்று உட்கார்ந்துவிட்டால், "அப்படி வா வழிக்கு" என்பார். கோர் பெட்டியின் மேல் டீ கிளாஸ் வைக்கும் துணிச்சல் இதுவரை யாருக்கும் வந்ததில்லை.

அவருடைய கணவர் தையற்காரர். மனைவிக்கு டிபன் கட்டிக் கொடுப்பது அவர்தான். "கல்யாணத்துக்கு முன்னாடி உருகி உருகி ஒரு லெட்டர் எழுதினேன். ஒரு வாரம் கழிச்சு அதே லெட்டர் திரும்பி வந்துச்சு, பதினோரு எடத்துல செவப்பு மையோட" என்று துணி எடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அக்கா உடனே திருத்துவார். "பதினோரு எடம் இல்ல. ஒம்போது."

போன வருடம் கொட்டகையில் அவ்வளவு சிரிப்பு இல்லை. எட்டுத் துளைகளுக்குத்தான் அனுமதி. ஆறு துளைகளில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. ஏழாவதும் முடியும் தறுவாயில் இருந்தது. எட்டாவதும் கையை விரித்துவிட்டால் முகாமைக் கலைத்துவிடுவார்கள். முப்பது பேருக்கு வேலை போகும். எங்கே துளை போடலாம் என்று பாறையைப் பார்த்துச் சொல்லும் முகாமின் புவியியலாளர் இரண்டு குழந்தைகளின் தகப்பன். எப்போதும் ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பவர், அந்த நாட்களில் வாயே திறக்கவில்லை.

அப்போதுதான் ஏழாவது துளையின் நூற்று அறுபதாவது மீட்டரில் அக்காவின் கை நின்றது. இரண்டு துண்டுகளையும் எடுத்துச் சேர்த்துப் பார்த்தார். திருப்பிச் சேர்த்தார். பிறகு புவியியலாளரைக் கூப்பிட்டார்.

"சார், இது ரெண்டும் சொந்தக்காரங்க இல்ல. நடுவுல ஆளு காணோம்."

"பழைய சுரங்கத்துப் பாதை ஏதாவது குறுக்க போயிருக்கும்க்கா. அந்தக் காலி எடத்தத் தாண்டி டிரில் எறங்கியிருக்கும்."

"காலி எடம்னா முனை ஒடஞ்ச மாதிரி இருக்கணும். இது ரெண்டு பக்கமும் தேஞ்சு வழவழன்னு இருக்கு. ஓரத்துல செம்புப் பாத்திரத்துக் களிம்பு மாதிரி லேசாப் பச்சை வேற."

விஷயம் மெஷினை ஓட்டும் டிரில்லரின் காதுக்குப் போனது. மீசை என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம். இருபது வருட சர்வீஸில் ஒரு சாண் கல்லைக்கூடத் தொலைத்ததில்லை என்று சொல்லியனுப்பினார். அக்கா இரண்டு கற்களையும் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, உச்சி வெயிலில் முக்கால் கிலோமீட்டர் நடந்து மெஷினுக்கே போய்விட்டார்.

"தம்பி, உன் மேல குத்தம் சொல்ல வரல. ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த எடத்துல கம்பி சடார்னு எறங்குச்சா?"

மீசை மெஷினை நிறுத்தினார். கையுறையைக் கழற்றினார்.

"இல்லக்கா. காலி எடமா இருந்தா கையிலயே தெரிஞ்சிருக்கும். இது சரசரன்னு போச்சு, ஈர மண்ணுல போற மாதிரி. மேல வந்த தண்ணிகூட கொஞ்ச நேரம் கருப்பா இருந்துச்சு."

"அத எங்கயாவது எழுதினியா?"

"தண்ணியோட நெறத்தையெல்லாம் யாருக்கா எழுதுறா?"

"இனிமே எழுது" என்றார் அக்கா. அவர் குரலில் கோபமில்லை. மீசை தன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். அக்கா பாதியைக் குடித்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

கொட்டகைக்கு வந்ததும் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். அச்சகத்துப் பழக்கம், சந்தேகமானதையெல்லாம் குறித்துப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவைப்பார். ஏழு துளைகளில் நான்கில், முனைகள் பொருந்தாத ஓர் இடத்துக்குக் கேள்விக்குறி இருந்தது. ஒவ்வொன்றும் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் இழப்புதான். உடைந்த பாறையில் அது சகஜம் என்று எல்லோரும் தாண்டிப் போயிருந்தார்கள்.

புவியியலாளர் அந்த நான்கு ஆழங்களையும் வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தார். ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தார். நான்கு புள்ளிகளும் கோட்டின் மேல் ஏறக்குறைய உட்கார்ந்திருந்தன. கோடு பழைய சுரங்கத்தை விட்டு விலகிக் கிழக்கே போயிற்று. காணவில்லை என்று எல்லோரும் நினைத்தது அங்கேதான் இருந்திருக்கிறது. செம்புத் தாது பொலபொலவென்று இருந்ததால் துளையிடும் தண்ணீரே அதைக் கரைத்துக் கொண்டுபோயிருக்கிறது. புவியியலாளர் எழுந்து போய், தன் நாற்காலியைத் தூக்கிவந்து அக்காவுக்குப் பின்னால் போட்டார்.

"உக்காருங்கக்கா."

எட்டாவது துளை மேற்கே என்று தலைமை அலுவலகம் முன்பே முடிவு செய்திருந்தது. புவியியலாளர் ஒரு பகல் முழுக்கப் போனில் வாதாடினார். "தப்பாப் போனா என் தலையில போடுங்க" என்று அவர் கத்தியது கொட்டகை வரை கேட்டது. மாலையில் கிழக்கே போடச் சம்மதம் வந்தது.

மீசை அந்தத் துளையைப் போட்ட விதத்தை இன்னும் பேசுகிறார்கள். கல் சிதறாமல் பிடித்துக்கொள்ள உள்ளே இன்னொரு குழாய். தண்ணீர் வழக்கத்தில் பாதி. கோடு காட்டிய ஆழம் நெருங்கியதும் மற்ற எவரையும் மெஷினைத் தொட விடவில்லை. தூங்குகிற குழந்தையை மடியிலிருந்து இறக்குவதுபோல அங்குலம் அங்குலமாக இறக்கினார். பெட்டியையும் தானே சுமந்துவந்தார். மூன்றாவது, நான்காவது வரிசைகள் முழுக்க, இரண்டு மீட்டர் நீளத்துக்கு, நொறுங்கியும் நொறுங்காமலும், மயில்கழுத்து நிறத்தில் ஒரு பாறை. நடுநடுவே பித்தளை மஞ்சள். கூடியிருந்தவர்கள் கைதட்டப் போனார்கள்.

"லேப்ல சொல்லட்டும்" என்றார் அக்கா. ஆனால் அந்த இரண்டு வரிசைகளையும் மறுபடி ஒருமுறை துடைத்தார்.

ஐந்து வாரம் கழித்து லேப் சொன்னது. செம்பு நன்றாகவே இருக்கிறது. தங்கம் சிட்டிகை அளவு. உடனே சுரங்கம் திறந்துவிடப் போவதில்லை. அதற்கு இன்னும் எத்தனையோ படி ஏற வேண்டும். ஆனாலும் கிழக்கே இன்னும் பத்துத் துளைகளுக்கு அனுமதி கிடைத்தது, முகாம் கலையவில்லை. புவியியலாளர் அன்று பாடியது முணுமுணுப்பு இல்லை. மெஷின் சத்தத்தை மீறிக் கேட்டது. அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் தையற்காரர் இன்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தார். "அப்போ இன்னும் ரெண்டு வருஷம் நான்தான் டிபன் கட்டணுமா?" என்றார். அன்று அவர் தைத்த சட்டைக்கு இரண்டு கைகளும் இடது கையாகப் போய்விட்டன என்று அக்கா சொல்கிறார். அவ்வளவு சந்தோஷம்.

போன வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர் வந்திருந்தார். கம்பெனியே அவருடையது என்கிறார்கள். எட்டாவது துளையின் பெட்டியை வெயிலில் வைத்துக் காட்டினார்கள். குனிந்து பார்த்தார், பாராட்டினார், எல்லோரோடும் நின்று படம் எடுத்துக்கொண்டார். பேச்சோடு பேச்சாக, மயில்கழுத்து நிறத் துண்டு ஒன்றை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். புவியியலாளர் வேறு பக்கம் பார்த்தார். மீசை தன் செருப்பைப் பார்த்தார்.

பிழையக்கா மூக்கிலிருந்த கண்ணாடியைத் தலைக்கு ஏற்றினார். பெரியவருக்கு எதிரே வந்து நின்று, உள்ளங்கையை விரித்து நீட்டினார். அந்தக் கல் கைக்கு வரும்வரை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றார்.