அக்குளில் ஒரு கறுப்புப் பொருக்கு

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே, கிள்ளானில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த கிளினிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு வைரஸ் காய்ச்சல் என்றார். நான்காம் நாள் மறுபடியும் போனேன். கொசுவால் வரும் டிங்கிக் காய்ச்சலாக இருக்கலாம் என்று ரத்தம் எடுத்தார். டிங்கி இல்லை என்று வந்தது. நிறையத் தண்ணீர் கொடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஏழாம் நாள் காலை அவள் மூச்சுவிடவே பாடுபட்டாள். நானும் கணவரும் அவளை அள்ளிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மதியத்துக்குள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வாய்வழியாகக் குழாய் இறக்கிவிட்டார்கள். அவளுக்காக இயந்திரம் மூச்சுவிட்டது.

அவள் சட்டையை வெட்டியெடுத்து உடை மாற்றிய மிஸ்ஸிதான் (நர்ஸை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) முதலில் பார்த்தது. இடது அக்குளில் பட்டாணி அளவில் ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. என்னைத் தனியே கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அக்கா, வீட்டுல யாராச்சும் சிகரெட்டால சுட்டாங்களா?"

என் கணவர் சிகரெட்டைத் தொட்டதே இல்லை. சற்றுத் தள்ளி நின்ற அவர் காதில் அது விழுந்திருக்க வேண்டும்; தலை குனிந்துவிட்டார். எனக்குக் குனியத் தோன்றவில்லை.

"என் பிள்ளைய யாரும் சுடல. போலீஸ கூப்பிடணும்னா கூப்பிடுங்க, இங்கதான் நிப்பேன். ஆனா இது என்னன்னு டாக்டர் வந்து சொல்லணும். அதுவரைக்கும் நகர மாட்டேன்."

வந்தவர் இளம் தமிழ் டாக்டர். பொருக்கைக் குனிந்து பார்த்தவர், இந்த இரண்டு வாரத்தில் பிள்ளை புல், புதர்ப் பக்கம் விளையாடினாளா என்று கேட்டார். விளையாடியிருந்தாள். பந்திங்கில் என் நாத்தனார் வீடு செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. பள்ளி விடுமுறைக்கு அங்கே போயிருந்தோம்.

ஸ்கரப் டைபஸ் என்றார். கண்ணுக்கே தெரியாத பூச்சி கடித்து வரும் காய்ச்சல். கடித்த இடம் வலிக்காது என்பதால் யாரும் கவனிப்பதில்லை. ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே மருந்தை ஏற்றினார்கள்.

சில பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு முற்றுகிறது என்று கேட்டேன். மருந்து தள்ளிப்போகப் போக நுரையீரலில் நீர் கோக்கும், ஈரல் வீங்கும், ரத்தத் தட்டணுக்கள் குறையும் என்றார். மூன்றுமே என் மகளுக்கு வந்திருந்தன. லேட்டாகக் கொண்டுவந்ததுதான் பெரிய ஆபத்து என்றும் சொன்னார்.

"நான் லேட்டா வரல டாக்டர். ரெண்டாவது நாளே காட்டுனேன். மருந்துதான் லேட்டு. அத ஃபைல்ல எழுதுங்க."

அவர் ஃபைலைத் திறந்தார். நான் சொன்னபடியே எழுதினார், எழுதியதை எனக்குப் படித்தும் காட்டினார்.

மருந்து ஏற்றிய மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஐந்தாம் நாள் குழாயை எடுத்தார்கள். தன் மஞ்சள் சட்டையை ஏன் வெட்டினார்கள் என்று கரகரத்த குரலில் சண்டைக்கு வந்தாள். அழுதுகொண்டே சிரித்தேன்.

வீட்டைச் சுத்தமாக வைத்திருந்தால் இப்படி வருமா என்று சொந்தக்காரர்கள் சிலர் பேசினார்கள். பூச்சி புல்லில் இருந்தது, என் வீட்டில் இல்லை என்று ஒவ்வொருவருக்கும் முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

அவள் வீடு திரும்பிய அடுத்த வாரம் நம்பர் எடுத்துக் காத்திருந்து அந்தக் கிளினிக் டாக்டரையும் பார்த்தேன். சண்டை போடப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த பொருக்கின் படத்தை அவர் முன்னால் வைத்தேன். காய்ச்சல் விடாத பிள்ளை வந்தால் சட்டையைக் கழற்றி அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்புறம் எல்லாம் பாருங்கள் என்றேன். அவர் முகம் சிவந்தது. பிறகு படத்தைத் தனக்கு அனுப்பச் சொன்னார். அங்கேயே அனுப்பினேன். வந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் எழுந்தேன்.