இரண்டு விரல் அகலம்

போன செவ்வாய்க்கிழமை காலை, புவாண்ட்-கிளேரில் நான் வேலை செய்யும் பண்டகசாலையில் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டிக்கொண்டிருந்தபோது தவராசா அண்ணையின் மகள் அழைத்தாள். "மாமா, அப்பா விடிய மோசம் போயிட்டார்" என்றாள். பிரெஞ்சு வருகிற அளவுக்கு அவளுக்குத் தமிழ் வராது. யாரிடமோ கேட்டுப் பாடமாக்கி வைத்திருந்தவள் போல, தகப்பன் இறந்த சேதியை அந்த ஒரு வசனத்தில் சொன்னாள். "ஓம் பிள்ளை, வாறன்" என்றேன். கையிலிருந்த லேபலையும் ஒட்டி முடித்துவிட்டுத்தான் புறப்பட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

சென்ட் லோரன்டில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பேஸ்மென்ட் மண்டபத்தில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் அவர் என்ன பேசுவார் என்று இங்கே கூடியிருக்கும் உங்களுக்குத் தெரியும். நாவலைப் பற்றிப் பேசக் கூப்பிட்டாலும் பத்தாவது நிமிடம் முதலாம் உலகப் போரின் டாங்கிக்குள் ஏறிவிடுவார். ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் தகப்பனை மடக்கி உட்காரவைத்து, அகழியைத் தாண்ட வேண்டிய வண்டியை ஏன் சாய்சதுரமாகச் செய்தார்கள் என்று பப்படத்தை உடைத்துக் காட்டிய மனிதர். 'டாங்கி தவராசா' என்று அவருக்குப் பட்டம் வைத்தவன் நான்தான். அவர் கோபிக்கவில்லை. "இரும்பைப் பற்றி எல்லாரும் எழுதிப்போட்டினம். உள்ளுக்கு இருந்தவனைப் பற்றித்தான் நான் கதைக்கிறன்" என்பார்.

உள்ளே இருந்தவர்களைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கினால் மண்டபம் அடங்கிவிடும். ஓர் இரும்புப் பெட்டிக்குள் எட்டுப் பேர், அவர்களோடு எஞ்சினும் அதே பெட்டிக்குள். வெக்கை, புகை, வாந்தி. சத்தத்தில் ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்காது. சாரதி ஸ்பனரால் எஞ்சின் மூடியில் தட்டித்தான் பின்னால் இருப்பவர்களுக்குச் சைகை கொடுப்பான். மனிதன் நடக்கிற வேகம். பாதி வண்டிகள் போகிற வழியிலேயே சேற்றில் புதைந்தன, அல்லது பழுதாகி நின்றன. இயந்திரத் துப்பாக்கிக் குண்டு தகட்டைத் துளைக்காவிட்டாலும், அதன் ஈயம் தெறித்துப் பார்வைத் துளைக்குள்ளால் வந்து முகத்தில் அடிக்கும். துளைக்குக் கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். அது உடைந்து கண்ணுக்குள் போனது. பிறகு கண்ணாடியை எடுத்துவிட்டு ஊசித்துளை போட்ட தகடு வைத்தார்கள். இந்த இடம் வந்ததும் அவருடைய குரல் இறங்கும். விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் முப்பது வருடம் வெல்டிங் செய்தவர், தகடு என்றால் இப்படித்தான் கதைப்பார் என்று நான் நினைத்திருந்தேன்.

யோகம் அக்கா எங்கள் வட்டத்துக்கு வரத் தொடங்கி மூன்று வருடம் இருக்கும். முன்வரிசையில் இருப்பார். எல்லாருக்குமாக ஒரு பெட்டி வடை கொண்டுவருவார். போன வருடம் தன் தம்பியின் திவசத்துக்கு தவராசா அண்ணையையும் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார். இலை போட்டுச் சோறும் பரிமாறிய பிறகுதான் தவராசா அண்ணை நிமிர்ந்து, சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்தார். பிசைந்த சோறு பிசைந்தபடி கிடந்தது. வயிறு சரியில்லை என்று சொல்லி எழும்பிப் போய்க் கைகழுவினார். இலையில் உட்கார்ந்தவர் சாப்பிடாமல் எழும்புவது, அதுவும் திவச வீட்டில், எவ்வளவு பெரிய பிழை என்று அவருக்குத் தெரியாதா? எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

திரும்பி வரும்போது ஈரப்பனி கொட்டியது. வைப்பர் அடித்தும் வீதி தெரியவில்லை. நான் மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"அந்தப் படத்திலை இருந்தவன் குகன்" என்றார் அண்ணை.

"அக்கான்ரை தம்பி. தெரியுமோ உங்களுக்கு?"

"நான் ஊரிலை வாகனம் திருத்துற கராச்சிலை வேலை செய்யேக்கை இயக்கப் பொடியள் ஒரு புல்டோசரைக் கொண்டுவந்து, சண்டைக்குக் கொண்டுபோகச் சுத்திவரத் தகடு அடிக்கச் சொன்னவை. ஓட்டப்போறவன் இவன்தான். வெளியாலை பாக்கிறதுக்கு நான் ஒரு விரல் அகலத்துக்குத் துளை விட்டனான். ஏறி இருந்து பாத்துப்போட்டு, அண்ணை ஒண்டும் தெரியேல்லை, கொஞ்சம் பெருசா வெட்டித் தாங்கோ எண்டான். ரெண்டு விரலுக்கு வெட்டினன்."

நான் வைப்பரின் வேகத்தைக் கூட்டினேன்.

"ஆமி அடிச்ச செல் விழுந்து செத்ததெண்டுதான் வீட்டுக்காரருக்குச் சொன்னவை. செல் ஒண்டும் விழேல்லை. அந்தத் துளைக்குள்ளாலைதான் குண்டு வந்தது. டோசரைத் திருப்பி இழுத்துக்கொண்டு வரேக்கை, உள்ளுக்குக் கழுவினது நான்."

அவர் ஏன் கனடா வந்த நாளிலிருந்து நூலகம் நூலகமாக அலைந்து, நூறு வருடப் பழைய வண்டியின் வரைபடங்களைத் தோண்டினார் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. வேறு யாராவது இதே பிழையை விட்டிருக்கிறார்களா, விட்டால் எப்படித் திருத்தினார்கள் என்று தேடியிருக்கிறார். அக்காவிடம் சொல்லப்போவதாகச் சொன்னார். நான் தடுத்தேன். "பேசாமல் விடுங்கோ அண்ணை. அந்த மனுசி செல் எண்டு நம்பிக்கொண்டு நிம்மதியா இருக்கு."

"ஆருக்கு நிம்மதி?" என்றார். ஆனால் அன்று என் சொல்லைக் கேட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் அக்கா நீட்டிய வடையை அவர் எடுக்கவில்லை. கொலஸ்ட்ரோல் என்றார். அடுத்த மாதம் அக்கா அவருக்கென்று தனியாகக் கொழுக்கட்டை அவித்துக்கொண்டு வந்தார். அதையும் அவர் தொடவில்லை. பக்கத்தில் இருந்த எனக்கு அந்தரமாக இருந்தது.

வசந்தத்தில் அவருடைய பேச்சு. கடுதாசி மட்டையில் டாங்கி ஒன்று செய்து கொண்டுவந்திருந்தார். தெறிக்கும் ஈயத்தைப் பற்றி வழக்கம்போலச் சொல்லி முடித்தார். கேள்வி நேரத்தில் யோகம் அக்கா கையை உயர்த்தினார். "தெறிக்குமெண்டு தெரியுந்தானே தம்பி. பேந்தென்னத்துக்குத் துளை விட்டவை? மூடிப்போட்டு ஓடியிருக்கலாமே?"

அவர் மட்டை டாங்கியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் எழும்பி, "நேரம் போச்சுது, தேத்தண்ணியைக் குடிப்பம்" என்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஓட்டுறவன் கேப்பான் அக்கா. ஒண்டும் தெரியேல்லை எண்டு கேப்பான். உங்கடை தம்பி என்னட்டைக் கேட்டவன்."

பிறகு, அன்று காருக்குள் எனக்குச் சொன்னதையெல்லாம் நாற்பது பேருக்கு முன்னால் சொன்னார். கழுவியதை மட்டும் சொல்லவில்லை. யோகம் அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வடைப்பெட்டி மேசையில் திறக்காமலே கிடந்தது.

அந்தக் கிழமை எனக்கு எத்தனை பேர் போன் எடுத்தீர்கள் என்று உங்களுக்கே தெரியும். "சபையிலை சொல்லுற கதையே அது?" என்று ஏசியவர்களும் உண்டு. நானும் அவர் வீட்டுக்குப் போய் ஏசினேன். "அவ கேட்டவ. கேட்ட பிறகும் இங்கிலீசுக்காரன்ரை கதையைச் சொல்லி மழுப்பச் சொல்லுறியோ?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு மாதம் அக்கா வரவில்லை. பிறகு ஒரு ஞாயிறு மத்தியானம் என்னை அழைத்து, "தவராசான்ரை வீட்டை ஒருக்காக் கூட்டிக்கொண்டு போ" என்றார். உள்ளே போனதும் உட்காராமல் நின்றார். "அந்தத் துளையை வெட்டிக் காட்டுங்கோ" என்றார்.

அண்ணை ஒரு மட்டையை எடுத்தார். அடிமட்டம் வைக்காமல், விரலை வைத்து அளந்து, பிளேடால் இரண்டு துளை வெட்டினார். மேலே ஒரு விரல், கீழே இரண்டு விரல். யோகம் அக்கா மட்டையை முகத்தோடு பிடித்து முதலில் பெரிய துளையால் பார்த்தார்.

"இதுக்குள்ளாலை அவனுக்கு என்ன தெரிஞ்சிருக்கும்?"

"முன்னுக்குக் கொஞ்ச நிலம். பள்ளம் இருந்தா அதுவும்."

அக்கா மட்டையை இறக்கிச் சின்னத் துளையால் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இதாலை?"

"ஒண்டும் தெரிஞ்சிருக்காது அக்கா. ஆனா உயிரோடை திரும்பி வந்திருப்பான்."

"வழி தெரியாமல் எப்பிடித் தம்பி திரும்பி வந்திருப்பான்?"

தன் வாழ்நாளில் பாதியை அந்தத் துளையோடு கழித்த அண்ணைக்கு இந்தக் கேள்வி ஒருநாளும் தோன்றவில்லை. கதிரையில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். அக்கா தேறுதல் ஒன்றும் சொல்லவில்லை. மன்னிப்பு என்ற பேச்சே எழவில்லை. குசினிக்குள் போய்த் தேத்தண்ணீர் வைத்தார். மூன்று பேரும் குடித்தோம்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் அண்ணை உயிரோடு இருந்தார். மரணச் சடங்கில் யோகம் அக்கா வாய்க்கரிசி போட்டார். தம்பிக்குப் போடக் கிடைக்கவில்லை என்று என்னிடம் சொன்னார்.

பேசாமல் விடுங்கோ என்று நல்லது நினைத்துத்தான் சொன்னேன். அவர் அப்படிப் பேசாமல் விட்டிருந்தால், வழி தெரியாமல் எப்படித் திரும்பி வந்திருப்பான் என்ற அக்காவின் கேள்வி காதில் விழாமலே அண்ணை செத்திருப்பார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இது ஒன்றுதான்: அன்றைக்கு மண்டபத்தில் நான் எழும்பித் தடுத்தபோது, அவர் என் பக்கம் திரும்பவில்லை.